நாச்சிமுத்து சீராக உள்ளார்

அந்தச் சேர்ல உக்காராதீங்க்கா, தூணு மறைக்கும். இக்கட்ட வாங்க, பையை எடுத்துக்கறேன். இங்கிருந்து பாத்தாத்தான் அந்த டிவி போர்டு முழுசாத் தெரியும். ஐ.சி.யூ.வுக்குள்ள ஆருங்க, ஊட்டுக்காரருங்களா? பேரு? தெய்வசிகாமணி... அந்தா இருக்குது பாருங்க, மேல மூணாவதா. தெய்வசிகாமணி, சீராக உள்ளார். பச்சைல இருக்குது. அப்பறம் என்னங்க, கண்ணைத் தொடச்சுட்டு சித்த நேரம் உக்காருங்க.

பேரு நீளந்தான். ஆனாலும் ஒரே வரியில நிக்குது பாத்தீங்களா? அது தானா நிக்கலைங்க, நான் நிக்க வெச்சது. ஆமாங்க, இந்த போர்டை வரஞ்சதே நான்தான். கழுத்துல கெடக்கறது ஆஸ்பத்திரி அட்டை இல்லீங்க, எங்க கம்பெனியோடது. என்ற பேரு குணசீலன். போன்ல, கம்ப்யூட்டர்ல நீங்க பாக்கறீங்கல்ல, எந்த எழுத்து எங்க நிக்கோணும், எந்தப் பட்டன் என்ன கலருல இருக்கோணும், அதையெல்லாம் வரஞ்சு குடுக்கறது என்ற வேலை. நான் வரஞ்சதைப் பாத்து இன்னொருத்தரு புரோகிராம் எழுதுவாரு. அப்பறந்தான் ஸ்கிரீனுக்கு வரும்.

ஆபீஸ்ல என்னை எக்ஸ்பிரஸ்னுதான் கூப்புடுவாங்க. பெருமைக்குச் சொல்லலீங்க. புதுசா வர்ற பசங்க மவுஸை உருட்டி மெனுவுக்கு மெனு தேடிட்டு இருப்பாங்க. நான் மவுஸைத் தொடறதே அபூர்வம். இடது கை கீபோர்டுலயே கெடக்கும். கட்டத்துக்கு ஒரு கீ, எழுத்துக்கு ஒரு கீ, ஒண்ணோட கலரை அப்படியே இன்னொண்ணுக்கு ஏத்தறதுக்கு ரெண்டு கீ. நான் தட்டறது கண்ணுக்குத் தெரியாது, ஸ்கிரீன் மாறறதுதான் தெரியும். எங்க மேடம் புது ஆளுங்களை என்ற பின்னாடி சேர் போட்டு உக்கார வெப்பாங்க. 'இவன் கையைப் பாருங்க, அப்பத்தான் வேலை படியும்'பாங்க.

கை மட்டும் இல்லீங்க, புத்தியும் வேணும். இப்ப இந்த போர்டையே எடுத்துக்கங்க. ஒரு பேஷண்டுக்கு ஒரு கார்டு. இருவது பேஷண்டுக்கு இருவது கார்டு வரையறவன் மடையன். நான் ஒண்ணே ஒண்ணு வரைவேன். அதுக்குப் பேரு தாய்க் கார்டு. மத்ததெல்லாம் அதோட நகல். தாயில ஒரு ஓரத்தை வளைச்சா அத்தனை பிள்ளைங்களும் வளைஞ்சுக்கும். தாயில கலரை மாத்துனா அத்தனையும் மாறிக்கும். ஒருக்கா ஒழுங்கா வரஞ்சு வெச்சுட்டா அப்பறம் சொடக்குப் போடற வேலைதான்.

அந்தத் தாய்க் கார்டுல சும்மாவாச்சும் ஒரு பேரு போட்டு வெக்கோணும். வெறுங்கட்டமா இருந்தாப் பாக்கறவிகளுக்குப் புரியாது. மத்தவங்க எல்லாம் ரவி, ராஜான்னு போடுவாங்க. ரவி எந்தக் கட்டத்துலயும் அடங்கிக்குவான். நெசமான ஆளு வந்து உக்காந்தாத்தான் தெரியும், பேரு பாதியில அறுந்து தொங்கும். நான் அந்தத் தப்பெல்லாம் பண்ண மாட்டேன். என்ற அப்பா பேரைப் போட்டுருவேன். ஊரு பேரு, தாத்தா பேரு எல்லாஞ் சேத்து, வெள்ளகோவில் குப்புசாமி நாச்சிமுத்து. இது உள்ள அடங்குச்சுன்னா எவம் பேரும் அடங்கும்.

எல்லா வேலையிலயும் அவருதானுங்க. சோறு கொண்டாந்து குடுக்கற ஆப்புல டெலிவரி ஆளு நாச்சிமுத்து. பேங்க் ஆப்புல அக்கவுண்ட் வெச்சிருக்கறவரு நாச்சிமுத்து. ஏரோபிளேன் டிக்கெட்டுல ஜன்னல் சீட்டு நாச்சிமுத்து. ஒருக்கா ஊட்டுல லேப்டாப்பைத் தொறந்து காட்டுனேன். கண்ணாடியை ஏத்திப் போட்டுட்டு, எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. 'நான் எப்படா ஏரோபிளேன்ல போனேன்?'னு கேட்டுட்டு, அப்பறம் ஒரே சிரிப்பு. எங்கம்மாவைக் கூப்புட்டு, 'இங்க பாரு, எனக்கு ஜன்னல் சீட்டு குடுத்திருக்கான் உம்மவன்'னாரு.

அவரு டவுன் பஸ் டிரைவருங்க. பிரைவேட் வண்டி. வெசையா ஓட்டவே தெரியாது. பின்னால வர்றவன் முந்திப் போயி டிக்கெட்டை அள்ளிக்குவான், ஓனரு கெடந்து கத்துவாரு. ஆரோ ஒரு பொம்பள சேலையைத் தூக்கிப் புடிச்சுட்டு ஓடி வர்றது கண்ணாடில தெரிஞ்சாப் போதும், வண்டியை எடுக்க மாட்டாரு. அந்த மனுசனுக்கு நான் எப்படித்தான் பொறந்தனோ.

ஆங், போர்டைப் பாத்துக்கிட்டே பேசலாங்க, எனக்கும் அதுதான் பழக்கம்.

இந்த வேலை வந்தப்ப ரொம்ப அவசரம். ஆஸ்பத்திரிக்காரங்க சாயங்காலம் பாக்கோணும்ட்டாங்க. மத்தியானச் சோத்துக்கு அப்பறம் உக்காந்தேன், டீ வர்றதுக்குள்ள முடிச்சுட்டேன். ஆபீஸே எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு. கார்டுக்கு மூணு கலரு. பச்சைன்னா சீராக உள்ளார். மஞ்சள்னா கண்காணிப்பில் உள்ளார். சிவப்புன்னா மருத்துவர் அழைக்கிறார். நாலாவதா ஒண்ணு உண்டு, உள்ள இருந்து தகவலே வராத நேரத்துக்கு. சாம்பல் கலருல 'தகவல் வரவில்லை, கதவருகே கேட்கவும்'னு. அதை வரையலீங்க. ஆஸ்பத்திரிக்காரங்களுக்குப் போட்டுக் காட்டற டெமோவுல அதை ஆருங்க கேக்கறாங்க? எந்த டிசைனரை வேணா கேட்டுப் பாருங்க, அதைக் கடைசிக்குத்தான் வெப்பாங்க. தாய்க் கார்டைப் பச்சைல வெச்சேன். பாக்க லட்சணமா இருந்துச்சு.

எங்க சாப்ட்வேர்ல வரஞ்சதுக்கு மேலயே கேள்வி எழுதி ஒட்டலாம். நிரஞ்சன்னு ஒரு பையன், அவன்தான் புரோகிராம் எழுதறவன். 'அண்ணா, தகவல் வரலைன்னா கார்டுல என்ன காட்டறது?'ன்னு ஒட்டியிருந்தான். 'தாய்க் கார்டுல இருக்கறதையே வெச்சுக்க'ன்னு தட்டி, முடிஞ்சுதுன்னு ஒரு டிக் அடிச்சு விட்டேன். டிக் அடிச்சாக் கேள்வி மறஞ்சு போகும், ஸ்கிரீன் சுத்தமாயிரும். நான் சொன்னது வரையறதுக்குங்க. அவன் நெசத்துக்கே அப்படி வெச்சுக்கிட்டா நான் என்ன பண்றது? நாலு டேபிள் தள்ளித்தான் உக்காந்திருக்கான். எந்திரிச்சு வந்து ஒரு வார்த்தை கேட்டா வாயில இருக்கற முத்து உதிந்துருமா? இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பேசறதுன்னாக் கஷ்டம்.

என்னங்க்கா? இல்லீங்க, உங்க ஊட்டுக்காரரு பச்சை நெசமான பச்சைதான். அவரு பேருதான இருக்குது? அவரு பேரு இருக்கற வரைக்கும் தகவல் வந்துட்டு இருக்குதுன்னு அர்த்தம். பயப்படாதீங்க.

போர்டு மாட்டிக் கொஞ்ச நாள்தான் ஆயிருக்கும், அப்பாவுக்கு நெஞ்சு வலின்னாங்க. இங்கதான் கொண்டாந்தோம். அம்மாவும் நானும் இதே வரிசையிலதான் உக்காந்திருந்தோம். நம்ம போர்டாச்சேன்னு எனக்கு ஒரு தெம்பு. அதுல அப்பா பேரு, ஆதார்ல இருக்கற மாதிரியே முழுசா வந்து விழுந்தப்ப, சொன்னாச் சிரிப்பீங்க, எனக்கு எடுப்பாத்தான் இருந்துச்சு. ஒரு புள்ளி பிசகாம நின்னுச்சு. அம்மா தோளைத் தொட்டுக் காட்டுனேன். 'பாரும்மா, உம்மவன் போட்ட போர்டுல அப்பா பேரு'ன்னு.

இங்கதான் ஒண்ணு சொல்லோணும். உள்ள ஒரு பெட்டுல இருந்து எடுத்து இன்னொரு எடத்துக்குக் கொண்டு போறாங்கன்னு வெச்சுக்கங்க. பழைய பெட்டுல பேரை எடுத்துருவாங்க. புது எடத்துல சிஸ்டர் ஏத்தோணும். அவங்களுக்கு அந்த நேரத்துல ஆயிரம் வேலை. நடுவுல இருக்கற நேரத்துக்கு அந்த ஆளைப் பத்தித் தகவலே இல்ல. தகவல் இல்லைன்னா கார்டு என்ன பண்ணும்? நிரஞ்சன் எழுதி வெச்ச மாதிரி தாய்க் கார்டைக் காட்டும். வெள்ளகோவில் குப்புசாமி நாச்சிமுத்து, சீராக உள்ளார். பச்சை.

வேற ஆராச்சும் பேஷண்டா இருந்தா, 'இதென்ன, நம்மாளு பேரைக் காணோம், ஆரோ நாச்சிமுத்துங்குது'ன்னு எந்திரிச்சுப் போய்க் கேட்டிருப்பாங்க. நாங்க எப்படிங்க கேப்போம்? இந்த ஊருல அந்தப் பேரைப் பாத்துட்டு அசையாம உக்காந்திருக்கக் கூடியவங்க நாங்க ரெண்டு பேருதான்.

அப்பாவை உள்ள வேற ரூமுக்கு எடுத்துட்டு ஓடியிருக்காங்க. எங்களுக்கு என்ன தெரியும். நான் காதுல பாட்டு மாட்டிட்டு லேப்டாப்புல வேற ஒரு வேலையைத் தட்டிட்டு இருந்தேன், மேடம் அவசரமாக் கேட்டிருந்தாங்க. எங்கம்மாவுக்கு என்னமோ இருப்புக் கொள்ளலை. என்ற கையைப் புடிச்சு இழுத்து, 'கண்ணு, ஒருக்கா உள்ள போயிப் பாத்துட்டு வரலாண்டா'ன்னாங்க.

'போர்டைப் பாரும்மா. சீரா இருக்கறாருன்னு போட்டிருக்குது.'

'அது கெடக்குதுடா. தொண்டை காஞ்சு கெடப்பாரு, ஒரு வாய் தண்ணி குடுத்துட்டு வந்தர்றேன்.'

'தண்ணியெல்லாம் குடுக்க விட மாட்டாங்கம்மா. பச்சைல இருக்கறாருங்கறனல்ல. சத்தம் போடாத, நாலு பேரு பாக்கறாங்க.'

உக்காந்துட்டாங்க. நான் சொன்னா எங்கம்மா கேட்டுக்குவாங்க. படிச்ச மகன் சொல்றான்னு.

அந்தக் கதவைத் தொறந்துட்டு ஒரு சிஸ்டர் வந்தாங்க. மூஞ்சியெல்லாம் வேர்வை. 'நாச்சிமுத்துவோட ஆளுங்க ஆரு? மைக்குல எத்தனை வாட்டி கூப்புடறது?'ன்னாங்க. எனக்குக் காதுல பாட்டு, அம்மாவுக்கு அந்த மைக்கு கொரகொரப்பு வெளங்கலை. நான் போர்டைக் கையைக் காட்டி, 'சீரா இருக்கறாருன்னு போட்டிருக்குதே சிஸ்டர்'னேன். அந்தப் பொண்ணு போர்டைப் பாத்துச்சு. என்னையப் பாத்துச்சு. எங்கம்மா தோளைப் புடிச்சு, 'உள்ள வாங்கம்மா'ன்னு கூட்டிட்டுப் போச்சு. அவ்வளவுதான், முடிஞ்சுருந்துச்சு. நாங்க உள்ள போயி, அம்மா அவரு மேல விழுந்து அழுதுட்டு வெளிய வர்றப்பக்கூட போர்டுல அவரு பச்சைலதான் இருந்தாரு. அம்மா அதை நின்னு பாத்தாங்க.

அதுக்கப்பறம் எங்கிட்டப் பேசறது இல்லீங்க. சோறு போடறாங்க, துணி மடிச்சு வெக்கறாங்க, பேச்சு மட்டும் இல்ல. நான் என்னங்க பண்ணேன்? நானும்தான உக்காந்திருந்தேன்? நானுமா வேணும்னு பண்ணுவேன்? பூரா நிரஞ்சனோட கோளாறு. ஆபீஸ்ல வெச்சு மேடம் அந்தப் பழைய கேள்வியைத் தேடி எடுத்தாங்க. டிக் அடிச்சதெல்லாம் அழியாதாமா, எங்கயோ போயி உக்காந்திருக்குமாமா. எல்லாரும் படிச்சாங்க. நிரஞ்சன்தான் என்ற முன்னாடி வந்து நின்னு, 'அண்ணா, நான் நேர்ல கேட்டிருக்கோணும்'னு அழுதான். பாத்தீங்களா, அவனே ஒத்துக்கறான்.

அவன் இன்னொரு காரியம் பண்ணான். எனக்குக் கஷ்டமா இருக்கும்னு நெனச்சு, மத்த வேலை அத்தனையிலயும் அப்பா பேரை எடுத்துட்டான். தேடு, மாத்து, முடிஞ்சுது. அந்த வழியைச் சொல்லிக் குடுத்ததே நான்தான். காலையில வந்து பாக்கறேன், டெலிவரி ஆளு பேரு 'பெயர்'னு இருக்குது. பேங்க்குலயும் 'பெயர்'. ஜன்னல் சீட்டுலயும் 'பெயர்'. மயானத்துல கொள்ளி வெச்சப்ப நான் அழுவலீங்க. அன்னிக்குப் பாத்ரூம் கதவைச் சாத்திட்டு அழுதேன்.

இந்த போர்டு ஒண்ணுதான் மிச்சம். இதோட ஃபைலு எங்கிட்ட இருக்குது, வேற ஆரும் தொட முடியாது. நான் அந்தச் சாம்பல் கார்டை வரஞ்சு அனுப்புனாத்தான் அவன் புரோகிராமை மாத்தலாம், எங்க கம்பெனி மொறை அப்படி. 'ரெண்டு நிமிச வேலைதான குணசீலா'ம்பாங்க மேடம். நிரஞ்சன் கேண்டீன்ல பாக்கறப்பெல்லாம், 'அண்ணா, ஆச்சுங்களா?'ம்பான். ஆகும்ப்பா, ஆகும். இந்த மாதிரி விசயத்தையெல்லாம் வெசையாப் பண்ணக் கூடாதுங்க. நிதானமா யோசிச்சுப் பண்ணோணும்.

அதுக்குத்தான் இங்க வந்து உக்காந்திருக்கறேன். ரிசப்ஷன்ல கேட்டா, சனங்க போர்டை எப்படிப் பாக்கறாங்கன்னு ஆராய்ச்சி பண்றேன்னு சொல்லியிருக்கறேன். கழுத்துல அட்டை இருக்குதுல்ல, விட்டுருவாங்க. நீங்க நெனைக்கற மாதிரியெல்லாம் இல்லீங்க. நான் ஒண்ணும் அவரைப் பாக்கறதுக்கு வரலை.

வருவாருதான். பெட்டு மாத்தறப்பெல்லாம் வருவாரு. முந்தாநாள் ஒரு அம்மாவை நல்லாயிருச்சுன்னு வார்டுக்கு மாத்துனாங்க, அப்ப வந்தாரு. நான் டீ வாங்கிக் குடிச்சு முடிக்கற வரைக்கும் இருந்தாரு. சில நேரம் ரெண்டு கார்டுல வருவாரு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. அன்னிக்குப் பூரா மனசு நெறைஞ்சு கெடக்கும். ஊட்டுல அவரு போட்டோவுக்கு மாலை போட்டுப் பொட்டு வெச்சாச்சு. ரேஷன் கார்டுல பேரை அடிச்சாச்சு. போன் நம்பரை வேற ஆருக்கோ குடுத்துட்டாங்க, கூப்புட்டா ஒரு இந்திக்காரப் பையன் எடுக்கறான். இங்க மட்டுந்தானுங்க சீரா இருக்கறாரு.

அந்த போர்டுக்கு மேல பாருங்க, எலுமிச்சம்பழமும் மொளகாயும் கட்டித் தொங்குதல்ல? கூட்டிப் பெருக்கற ஆயாம்மா ஒருத்தங்க கட்டுனது. செத்துப்போன ஆளு பேரு வந்து வந்து போகுதுன்னு இங்க எல்லாருக்கும் பயமாமா. வெள்ளிக்கிழமையானா சூடம் காட்டறாங்க. பேயாமா! எங்கப்பாவைப் போயி! அவரு ஒரு ஈ எறும்பை வெரட்டுனவரு இல்ல. எனக்கு வந்த கோபத்துக்குப் பழத்தைப் பிச்சு எறிஞ்சிருப்பேன். அப்பறம், போச்சாது, போகட்டும், அவங்களாச்சும் அவரை நெனச்சுட்டு ஒரு சூடம் காட்டறாங்களேன்னு விட்டுட்டேன்.

என்னங்க்கா சொன்னீங்க? இப்பவே மாத்தலாமேன்னா? லேப்டாப்பு இருக்குதுதான். உங்களை மாதிரி எத்தனை பேரு வந்து உக்காருவாங்கன்னு கேக்கறீங்க. நாயமான கேள்விதான். நீங்க அழுகாதீங்க. இருங்க, தொறக்கறேன்.

இந்தா பாருங்க, இதுதான் தாய்க் கார்டு. இத்தனை பெருசாப் பாத்திருக்க மாட்டீங்க. இந்தப் பேரு மேல வெச்சு, இந்தக் கீயை அமுத்தோணும். போயிரும். அப்பறம் சாம்பல் கலரு, அது இந்த ரெண்டு கீ. 'கதவருகே கேட்கவும்'னு தட்டோணும். அனுப்போணும். நிரஞ்சன் ரெடியாத்தான் இருப்பான். நெசமாவே ரெண்டு நிமிசங்கூட ஆகாதுங்க. தெனமும் இது வரைக்கும் வருவேன். விரலு இந்தக் கீ மேலதான் இருக்கும். இப்பப் பாருங்க, அமுத்தப்போறேன், நீங்க சொல்லிட்டீங்கல்ல, நீங்களும் எனக்கு அக்கா மாதிரித்தான...

அக்கா! அந்தா, அந்தா! போர்டைப் பாருங்க. வந்துட்டாரு. மூணாவது கார்டு. வெள்ளகோவில் குப்புசாமி நாச்சிமுத்து. பாத்தீங்களா, நான் பொய் சொல்லலையே? எப்படி நிக்கறாரு பாருங்க, ஒத்தை வரியில, பச்சைல.

ஏனுங்க்கா, எங்க எந்திரிக்கறீங்க? ஆமாங்க, உங்க ஊட்டுக்காரரு இருந்த எடந்தான். பெட்டு மாத்தியிருப்பாங்க. வார்டுக்குக்கூட இருக்கும். நல்லானவங்களையும் மாத்துவாங்கல்ல, அந்த அம்மாவை மாத்துன மாதிரி. பை கீழ விழுந்துருச்சு, பாருங்க. அக்கா, கதவைத் தட்டாதீங்க. தட்டுனீங்கன்னா சிஸ்டர் வந்து ஒடனே புது பெட்டுல ஏத்திருவாங்க. பெல்லை அமுத்தாதீங்கன்னா! சித்த நேரம், சித்த நேரந்தான், நான் இன்னும் சரியாவே பாக்கலை.

தொறந்துட்டாங்களா? கூப்புடறாங்களா? செருப்பைக் கழட்டிட்டுப் போங்க, இல்லைன்னா உள்ள விட மாட்டாங்க. பையை நான் பாத்துக்கறேன். போங்க.

மாறிருச்சு.

தெய்வசிகாமணி. சிவப்பு. மருத்துவர் அழைக்கிறார்.

இப்பத்தானுங்க வந்தாரு. ஒரு நிமிசம் முழுசா நிக்கலை. ஏனுங்க்கா, இன்னுஞ் சித்த நேரங் கழிச்சுத் தட்டியிருக்கக் கூடாதா?